ஸ்பெஷல் பஸ்ஸில் வந்த கேப்டன்

அவளுக்கு 'பிரேக்' என்ற பட்டப்பெயர் பஸ் ஓட்ட வருவதற்கு முன்பே வந்துவிட்டது. கால்பந்து மைதானத்தில் எதிரணிக்காரி எவ்வளவு வேகமாகப் பந்தை உருட்டிக்கொண்டு வந்தாலும், பின்வரிசையில் நிற்கும் இவளுக்கு முன்னால் வந்ததும் சட்டென்று நின்றுவிடுவாள். பிறகு மாநகரப் பேருந்து டிப்போவில் டிரைவர் வேலை கிடைத்தது. பட்டப்பெயரும் பின்னாலேயே வந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"பிரேக்னு பேரு வச்ச டிரைவர் வண்டியில நம்பி ஏறலாம், வாங்க வாங்க" என்று அவளுடைய கண்டக்டர் கூவிக் கூவி ஆளேற்றுவார்.

விடியலில் டியூட்டிக்குப் போனால் மதியம் திரும்புவாள். மாடியில் இரண்டு அறை வீடு, கீழே கணவன் மின்விசிறி பழுது பார்க்கும் கடை. சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்ததும் பூட்ஸை எடுத்துக்கொண்டு சரக்கு ரயில் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்குப் போய்விடுவாள். அங்கே அவளுடைய அணி காத்திருக்கும். கோல்கீப்பர் ஒரு நர்ஸ், முன்வரிசையில் துணிக்கடையில் வேலை பார்க்கும் இரண்டு பேர், மற்றவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பெண்கள். பயிற்சி கொடுப்பவர் பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர். யாருக்கும் சம்பளம் கிடையாது. பந்து கிழிந்தால் டீச்சர் தைப்பார், மனசு உடைந்தால் பிரேக் திட்டியே சரிசெய்வாள்.

அந்த வருஷம் இந்த அணி நாக்-அவுட் கோப்பையை வென்றது. பெரிய பெரிய கிளப்புகளெல்லாம் வரிசையாகக் கவிழ, யாரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத இவர்கள் இறுதி ஆட்டம் வரை போய் ஜெயித்தும் விட்டார்கள். ஊரே மூக்கில் விரலை வைத்தது.

கண்டக்டருக்கு மட்டும் தலைகால் புரியவில்லை. அவர் கால்பந்துப் பைத்தியம், அதிலும் சூப்பர் கோப்பைப் பைத்தியம். சிக்னலில் வண்டி நின்றால் போதும், பயணிகளுக்கு அந்த வரலாற்றை ஆரம்பித்துவிடுவார்.

"லீக்ல ஜெயிச்சவன் ஒருத்தன், நாக்-அவுட் கோப்பையை ஜெயிச்சவன் ஒருத்தன். ரெண்டு பேர்ல யாரு பெரியவன்னு சண்டை வருமா, வராதா? அதுக்குத்தான்யா சூப்பர் கோப்பை. புது சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆட்டம். மொத வருஷம் வெள்ள நிவாரணத்துக்காகச் சும்மா ஒரு காட்சி ஆட்டமா நடத்துனாங்க. கூட்டம் தாங்கல, கேட்டே உடைஞ்சுபோச்சு. அப்புறம் விடுவாங்களா? ஒரு வருஷம் எந்த ஊர்ல நடத்துறதுன்னு சண்டை போட்டு, ஆட்டத்தையே ரத்து பண்ணிட்டாங்க. இன்னொரு வருஷம் மழை. பந்து மிதக்குது, ரெஃப்ரி விசில்ல தண்ணி. கோப்பையை ஆளுக்கு ஆறு மாசம்னு பங்கு போட்டு வச்சுக்கிட்டாங்க!"

"டிக்கெட்டக் கிழிங்கண்ணே, இறங்கணும்" என்பார்கள் பயணிகள்.

பல வருஷமாக நடந்துவந்த அந்தப் போட்டி ஆண்களுக்கானது மட்டும்தான். பெண்கள் லீக் நடந்தது, நாக்-அவுட் நடந்தது. சூப்பர் கோப்பை என்ற பேச்சே எழுந்ததில்லை. அந்த வருஷம் கால்பந்துச் சங்கத்துக்கு என்ன தோன்றியதோ, ஆண்கள் ஆட்டம் நடக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை, அதே பெரிய மைதானத்தில், மதியம் பெண்களுக்கான முதல் சூப்பர் கோப்பை ஆட்டம் நடக்கும் என்று அறிவித்தார்கள். லீக் சாம்பியனும் நாக்-அவுட் சாம்பியனும் மோத வேண்டும். லீக் சாம்பியன் தலைநகரத்து அணி. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவர்கள்.

செய்தி கேட்ட அன்று பிரேக்குக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் லீவு கேட்க டிப்போ மேனேஜர் அறைக்குப் போனதும்தான் தரையில் இறங்கினாள்.

"அன்னைக்கு யாருக்கும் லீவு கிடையாதும்மா. சூப்பர் கோப்பைக்கு ஸ்பெஷல் பஸ் விடுறோம். டிரைவர் பத்தாம நானே ஓட்டலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"சார், நான் அந்த ஆட்டத்துல ஆடணும் சார். நான்தான் கேப்டன்."

மேனேஜர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. உனக்குக் கொடுத்தா நாளைக்கு இந்த அறை வாசல்ல கியூ நிக்குமே!"

வீட்டுக்கு வந்தவள் சோற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கணவன் ஏதேதோ சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைக்கு இறங்கிப் போனான். மாமியார்தான் விடவில்லை.

"என்ன, சோறு ஆறுது?"

"லீவு இல்லைன்னுட்டாங்க அத்தை. ஸ்பெஷல் பஸ் ஓட்டணுமாம்."

"ஸ்பெஷல் பஸ் எங்க போகுது?"

"மைதானத்துக்குத்தான்."

"நீ எங்க போகணும்?"

"மைதானத்துக்கு."

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்புறம் எதுக்குடி லீவு? வண்டியை ஓட்டிக்கிட்டுப் போ, இறங்கி ஆடு, திரும்ப ஓட்டிக்கிட்டு வா. இதுக்கா சோத்தை ஆற விட்டே?"

மறுநாள் மேனேஜர் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். போகிற ட்ரிப்புக்கும் ராத்திரி திரும்புகிற ட்ரிப்புக்கும் நடுவில் ஸ்பெஷல் பஸ்கள் மைதானத்துக்கு வெளியே சும்மாதான் நிற்கும். "சரி, முதல் பஸ் உன்னோடது. ஆனா ரிட்டர்னும் நீதான் எடுக்கணும். ஆட்டத்துல காலை கீலை உடைச்சுக்கிட்டா?"

"என்கிட்ட வர்றவளுக்குத்தான் சார் அந்தக் கவலை."

ஞாயிற்றுக்கிழமை காலை டிப்போ வாசலில் அந்த முதல் ஸ்பெஷல் பஸ் நின்றது. டிரைவர் சீட்டில் அவள், காக்கிச் சட்டைக்குள் பச்சை ஜெர்சி. அணியின் மற்றவர்களும் அதே வண்டியில்தான் ஏறினார்கள். வேன் வைக்க அணியிடம் வசதி இல்லை, ஓட்டுகிறவளே கேப்டனாக இருக்கும்போது வேன்தான் எதற்கு? கண்டக்டர் மட்டும் கடமை தவறவில்லை.

"டிக்கெட், டிக்கெட்! கோல்கீப்பரம்மா, உங்களுக்கும் சேர்த்துத்தான். சில்லறையா கொடுங்க."

"அண்ணே, நாங்க ஆடப் போறோம்ணே!" என்றாள் நர்ஸ்.

"ஆடுங்க, யாரு வேணாம்னா? செக்கர் ஏறுனா அவரும் ஆடுவாரு."

வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆண்கள் ஆட்டத்துக்காகக் கொடியும் ஊதலுமாக ஆட்கள் ஏறினார்கள். ஓட்டுகிறவள்தான் பெண்கள் அணிக் கேப்டன் என்று கண்டக்டர் அறிவித்ததும் முதலில் சிரித்தார்கள். "நெசமாவா?" என்று ஒருவர் எட்டிப் பார்த்தார். பிரேக் கண்ணாடி வழியாகப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

"வாங்குன டிக்கெட்டுக்கு ரெண்டு ஆட்டம்யா! வெயில்ல வெளிய நின்னு என்ன பண்ணப் போறீங்க? நம்ம டிரைவரு ஆடுறதப் பாருங்க" என்றார் கண்டக்டர்.

மைதான வாசலில், குளிர்சாதனப் பேருந்திலிருந்து ஒரே மாதிரி பைகளோடு தலைநகரத்து அணி இறங்கிக்கொண்டிருந்தது. பின்னாலேயே நகரப் பேருந்து குலுங்கி வந்து நின்றது. டிரைவர் சீட்டுக் கதவைத் திறந்து கேப்டன் குதித்தாள். அந்தப் பெண்கள் பார்த்த பார்வையை நர்ஸ் இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

அவ்வளவு பெரிய மைதானத்தில் மற்ற இருக்கைகள் எல்லாம் காலி. ஒரு மூலை மட்டும் நிறைந்திருந்தது. முதல் ஸ்பெஷல் பஸ் அப்படியே அங்கே உட்கார்ந்திருந்தது.

முதல் பாதியில் தலைநகரத்தார் தண்ணி காட்டினார்கள். அவர்களில் ஒல்லியாக ஒருத்தி, காற்று மாதிரி வந்தாள். இரண்டு முறை பிரேக் அவளைப் பிடித்து நிறுத்தினாள். மூன்றாவது முறை அந்த ஒல்லிப் பெண் வலதுபுறம் போவதுபோல் காட்டி இடதுபுறம் போனாள். பந்து வலைக்குள் இருந்தது.

"பிரேக் பிடிக்கலையா டிரைவரம்மா?" என்று எவனோ கத்தினான். அதே மூலையிலிருந்து, "நீ ஓட்டிப் பாருடா!" என்று பத்துப் பேர் அவன்மேல் பாய்ந்தார்கள்.

இடைவேளையில் டீச்சர் அதிகம் பேசவில்லை. "அவங்க காலப் பாக்காத, இடுப்பப் பாரு" என்று மட்டும் சொன்னார். பிரேக் அதற்குப் பிறகு அந்த ஒல்லிப் பெண்ணை ஒரு முறைகூட விடவில்லை. நான்கைந்து தடவை வெறுங்கையோடு திரும்பியதும் அவளே பக்கம் மாறிப் போய்விட்டாள். தலைநகரத்து ஆட்டம் மெல்லத் தடுமாறியது. துணிக்கடைப் பெண்களில் இளையவள் தூரத்திலிருந்து அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று.

அதற்குள் ஆண்கள் ஆட்டத்துக்கான கூட்டம் உள்ளே வரத் தொடங்கியிருந்தது. இருக்கை தேடி வந்தவர்கள் சத்தத்தைக் கேட்டுப் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்கள். கடைசி நிமிஷங்களில் ஒரு கார்னர் கிடைத்தபோது மைதானம் பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது.

பிரேக் நடுக்கோட்டைத் தாண்டி முன்னால் போகிறவள் அல்ல. போனால், ஓடும் வண்டியின் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வந்தது போல அவளுக்குப் பதறும். ஆனால் டீச்சர் கோட்டோரம் நின்று, "போ! போ!" என்று இரண்டு கையாலும் தள்ளினார். போனாள். பந்து உயரமாக வந்தது. ஏழெட்டுப் பேர் ஒன்றாக எகிறினார்கள். யார் தலையிலோ பட்டுக் கீழே விழுந்த பந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற அவளுடைய முழங்காலில் மோதி, சோம்பேறித்தனமாக உருண்டு கோட்டைத் தாண்டியது.

அந்த மூலை வெடித்தது. கூடவே மைதானம் முழுக்க வெடித்தது. கண்டக்டர் கழுத்தில் தொங்கிய விசிலை மூச்சு முட்ட ஊத, ஆட்டம் முடிந்துவிட்டதென்று நினைத்து ஆடிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் கைகுலுக்கவே போய்விட்டார்கள். உண்மையான விசில் கொஞ்சம் கழித்து வந்தது. நாட்டின் முதல் பெண்கள் சூப்பர் கோப்பை பச்சை ஜெர்சிக்காரர்களுக்கு!

கோப்பையைப் பார்த்தபோதுதான் சிரிப்பு வந்தது. ஆண்களுக்கானதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இது ஒரு கையில் அடங்கியது. கொடுக்க வந்த சங்கத்துக்காரருக்கே கூச்சமாகிவிட்டது. "அடுத்த வருஷம் பெருசா செஞ்சுடலாம்மா" என்றார்.

"செய்ங்க சார், அதையும் வந்து வாங்கிக்கிறோம்" என்றாள் பிரேக். இரண்டு கைகளாலும் அதைத் தலைக்கு மேல் தூக்கினாள். அவள் தூக்கிய விதத்தில் அது பெரிதாகத்தான் தெரிந்தது.

அடுத்த வருஷத்திலிருந்து பெண்கள் ஆட்டத்துக்குத் தனி நாள் ஒதுக்கினார்கள். பெரிய கோப்பையும் வந்தது. அவள் மேலும் இரண்டு முறை அந்த ஆட்டத்தில் ஆடினாள், ஒன்றில் தோற்றாள், ஒன்றில் ஜெயித்தாள். மாமியார் இரண்டுக்கும் வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து ரெஃப்ரியைத் திட்டித் தீர்த்தாள்.

ஆனால் அந்த முதல் நாளில், ஆண்கள் ஆட்டமும் முடிந்து கூட்டம் வெளியே வந்தபோது, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு அவள் டிரைவர் சீட்டில் தயாராக இருந்தாள். சின்னக் கோப்பை முன்கண்ணாடிக்கு அருகே நின்றது. முழங்கால் வீங்கியிருந்தது. மற்ற ஸ்பெஷல் பஸ்கள் காலியாக நிற்க, எல்லோரும் இந்த வண்டியின் படியில்தான் தொங்கினார்கள்.

"பின்னாடி வண்டி வருதுய்யா, அதுல ஏறுங்க!" என்று கண்டக்டர் தொண்டை கிழியக் கத்தினார். ஒருவரும் இறங்கவில்லை.

"ரைட் போலாம்" என்று அவரே கடைசியில் விசில் கொடுத்தார். அவள் கியரைப் போட்டாள். வாசலைத் தாண்டிப் பெரிய சாலையில் திரும்பியதும் ஹாரனில் கையை வைத்தாள். அடுத்த சிக்னல் வரை எடுக்கவே இல்லை.