ஏழு பேருக்கான ஸ்பிரிங்

"வண்டில எப்பமும் எத்தன பேரு ஏறுவிய?" என்று தென்காசி மெக்கானிக் அண்ணாச்சி கேட்டபோது நான் ஏன் ஏழு என்று சொன்னேன்? இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

என் கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். போன முறை திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து கடையநல்லூருக்கு அவரை அழைத்து வந்தபோது வண்டிக்குள் ஏழு பேர், மேலே பெட்டிகள். ஆரியங்காவு வளைவில் பின்பக்கம் அமுங்கிச் சாய்ந்து, எதிரே வந்த லாரியை உரசப் போனோம். அதன்பிறகு போனில் அவருக்கு ஒரே பேச்சு: "ஸ்பிரிங்க மாத்திட்டியா? அடுத்த மட்டம் நான் வரும்போது வண்டி ஆடக் கூடாது, பாத்துக்கோ."

அதற்கிடையில் எங்கள் நான்கு வயது மகளுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. மாதம் ஒருமுறை அதே மலைப்பாதையில் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நான் ஓட்டுவேன். பின்னால் மாமியின், என் கணவரின் அம்மாவின், மடியில் அவள் படுத்திருப்பாள். மெக்கானிக்கிடம் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். "ஏழு பேரு, மேல பெட்டி" என்றேன்.

"அப்பம் கட்டி ஸ்பிரிங்தாம்மா. வளைவுல சாயாது, ஆனா ஆள் கொறஞ்சா குலுக்கும். மெத்துன்னும் வேணும், சாயவும் கூடாதுன்னா நான் எங்கன போவேன்?" என்று சிரித்தார்.

மாட்டியதும் குற்றாலம் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. வளைவுகளில் வண்டி தரையோடு ஒட்டிப் போனது. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. மகளை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அந்த மாதம் செங்கோட்டை தாண்டுவதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஊர்ந்துதான் ஓட்டினேன். அப்படியும் ஒவ்வொரு பள்ளமும் அவள் இடுப்பில் போய் இடித்தது.

"மூணு பேருக்கு எதுக்குட்டி லாரி ஸ்பிரிங்கு? புள்ள எலும்பு ஒட்டவா, ஒடையவா?" என்றார் மாமி.

இப்போதெல்லாம் மகள் அழுவதில்லை. வண்டி கிளம்பியதுமே மாமியின் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொள்கிறாள். கண்ணாடியில் அது எனக்குத் தெரிகிறது.

கணவரின் விடுப்பு தள்ளிப் போய்விட்டது. எப்போது கிடைக்கும் என்று தெரியாது. பழைய ஸ்பிரிங்கையே மாட்டிவிடட்டுமா என்று போனில் அவரிடம் கேட்டேன். "நான் வரமாட்டேன்னே முடிவு பண்ணிட்டியா?" என்றார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

அடுத்த பயணத்துக்கு ஒன்பது நாள் இருக்கிறது. வலியுள்ள பிள்ளையை மலைப்பாதையில் கொண்டுபோகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வண்டியில் என்ன மாற்றினீர்கள், வீட்டில் அதை எப்படிச் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.