ஆபீசுக்குப் போன நல்ல தண்ணீர்

சுருளியாண்டி அண்ணன் எங்கள் ஆய்வகத்துக்கு வரும்போது தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருவார். கம்பத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர். விடிந்ததும் மோட்டார் போடுவது, தெருத் தெருவாக வால்வு திருப்புவது, மாதம் இருமுறை தொட்டிக்குள் இறங்கிப் பாசி தேய்ப்பது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊர்த் தண்ணீரைச் சோதனைக்குத் தேனிக்குக் கொண்டுவருவது. இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. தொட்டிச் சாவி எப்போதும் அவர் இடுப்புக் கயிற்றில் தொங்கும்.

நான் இங்கே இரண்டு வருடமாக ஒப்பந்தப் பணியில் இருக்கிறேன். வேதியியல் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அவர் தரும் தண்ணீரைச் சோதித்து, 'குடிக்க உகந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். லிட்டருக்கு 180 மில்லிகிராம் உப்பு. அடுத்த முறை 182. அப்புறம் 179. மற்ற ஊர்த் தண்ணீரெல்லாம் மழைக்கும் கோடைக்கும் மாறும். இந்த ஊருடையது மட்டும் அசையவே இல்லை. கவனித்தேன். கேட்கவில்லை. நல்ல தண்ணீரை எதற்குச் சந்தேகப்படுவது என்று விட்டேனா, வேலை போய்விடும் என்று பயந்தேனா, இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

சித்திரைத் தொடக்கத்தில் அவர் வந்தபோது இரண்டு கைகளும் முழங்கை வரை வெடித்திருந்தன.

"என்னண்ணே இது?"

"தொட்டி தேய்க்கிறேன்ல ஆத்தா, தண்ணி ஒத்துக்கல. வீட்லயும் பருப்பு வேக மாட்டேங்குது. கருத்தம்மா அதுக்குப் பதிலா என்னையப் போட்டு வேக வைக்கிறா."

கருத்தம்மாள் அவர் மனைவி. எனக்குச் சிரிப்பு வந்தது.

"உங்க ஊருத் தண்ணி அவ்வளவு நல்லா இருக்கே, ரெண்டு விசில்ல வெந்துருமே."

"இந்தப் பாட்டில் தண்ணின்னா வெந்துரும்."

"அப்ப இது எங்கன புடிச்சது?"

"மலையடியில, பஞ்சாயத்துத் தலைவர் தோட்டத்து போர்ல." அவர் குரலில் பெருமை இருந்தது. "நாலு கிலோமீட்டரு சைக்கிள் மிதிச்சுப் புடிச்சுட்டு வாரேன். ஆபீசுக்குப் போற பாட்டில்ல கலங்கலையா ஊத்துறது? ஊரு மானம் போயிரும்னு தலைவரும் யூனியன் இஞ்சினியரும் அப்பவே சொன்னாக."

'அப்பவே' என்றால் எட்டு வருடத்துக்கு முன்பு. தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் ஊர்க் கிணற்றுக்குப் பக்கத்தில் தென்னை நார்க் கம்பெனி வந்த வருடம். நார்த்தூளைக் கழுவிய உப்புத் தண்ணீரை அப்படியே ஓடையில் விடுகிறார்கள். தலைவருக்கும் இஞ்சினியருக்கும் மாதாமாதம் கவர் போவது ஊருக்கே தெரியும். அண்ணனுக்கும் தெரியும். அந்தக் கவருக்கும் தன் பாட்டிலுக்கும் தொடர்பு இருக்கும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. திராட்சைத் தோட்டத்தில் பெட்டி போட்டு வளர்ந்தவர். வெளியே போகிற பெட்டியில் நல்ல கொத்தைத்தானே மேலே வைப்பார்கள்?

"இங்க குடுக்குற சோதனைப் பேப்பரக் காட்டித்தாண்ணே கம்பெனி லைசென்சைப் புதுப்பிக்கிறாக" என்றேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"போன கிராம சபையில கருத்தம்மா எந்திரிச்சு, தண்ணி சரியில்லைன்னா. தலைவர் ஒரு பேப்பரக் காட்டி உக்கார வச்சாரு. அதுவா?"

"அதுதான்."

"அப்ப அவள உக்கார வச்சது நாந்தானா?"

அந்தப் பேப்பரில் இருந்த கையெழுத்து என்னுடையது. அதை அப்போது நான் சொல்லவில்லை.

"தெருக் குழாயில புடிச்சா என்ன வரும்?"

"உள்ளது வரும். ஆனா, உங்க வேலை..."

அவர் எழுந்து, வாசலில் இருந்த செடிக்குப் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கருத்தம்மாளும் கூட வந்தார். பாட்டில் அவர் மடியில் இருந்தது.

"இந்த மனுசன் வழியில எங்கனயாச்சும் நல்ல தண்ணியப் பாத்தா மாத்திருவாரு. அதான் நானே புடிச்சு, நானே தூக்கிட்டு வந்தேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "படிச்ச பிள்ள, நீயாவது முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

2,340 வந்தது. அதிகாரி இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். மறுபடியும் 2,340. 'குடிக்க உகந்ததல்ல' என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு நகலைக் கருத்தம்மாளிடம் கொடுத்தேன்.

மே தினக் கிராம சபையில் அதை அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாராம். தலைவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அண்ணனைப் பார்த்து, "ஏலே சுருளி, உன்னைய எங்கன புடிக்கச் சொன்னேன், நீ எங்கன புடிச்ச?" என்று கத்திவிட்டார். அதற்குமேல் யாரும் சாட்சி கேட்கவில்லை.

கம்பெனியை இரண்டு மாதம் மூடினார்கள். இப்போது திறந்துவிட்டார்கள், கழிவு நீரைச் சுத்திகரிக்கத் தொட்டி கட்டியிருப்பதாகச் சொல்கிறார்கள். ஊருக்கு மலையடியிலிருந்து குழாய் போட்டிருக்கிறார்கள். தொட்டிச் சாவி வேறு ஆளிடம் போய்விட்டது. என் கையெழுத்திட்ட பழைய அறிக்கைகள் ஏழும் கோப்பில் அப்படியே இருக்கின்றன. அவை செல்லாது என்று எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானே எழுதிக் கொடுக்கலாம். மனுவை டைப் அடித்து வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை.

போன வாரம் கம்பம் சந்தையில் அண்ணனைப் பார்த்தேன். மறுபடியும் திராட்சைப் பெட்டி அடுக்குகிறார்.

"கை எப்படிண்ணே இருக்கு?"

"ஆறிருச்சு ஆத்தா. பருப்பும் வேகுது" என்று சிரித்தார். அவர் கை மட்டும் இடுப்புக் கயிற்றைத் தடவிக்கொண்டிருந்தது.