ஓரத்தில் ஒரு குமிழ்

மயிலாப்பூரில் பல் தெரியச் சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் என் கைவேலையைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். தற்பெருமை என்பீர்கள். ஆமாம், பெருமைதான். ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். தி. நகரில் ஒரு பல் லேபில் பிளாஸ்டர் கிண்ணம் கழுவப் போனேன். இன்றைக்கு மந்தைவெளியில் எனக்கே லேப் இருக்கிறது, பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். டாக்டர்கள் நோயாளியின் வாயில் ஒரு பசையை வைத்துப் பல்லின் வடிவத்தைப் பதித்து, அதாவது அளவு எடுத்து, அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் மாவு ஊற்றி, அச்சு எடுத்து, பல்லுக்குக் கேப் செய்து கொடுப்பது எங்கள் வேலை.

எடுத்த அளவில் சில நேரம் ஓரத்தில் காற்றுக் குமிழ் விழுந்திருக்கும், பல் முடிகிற கோடு கலைந்திருக்கும். மற்ற லேப்காரன் திருப்பி அனுப்புவான். நான் அனுப்ப மாட்டேன். கொஞ்சம் மெழுகு, கொஞ்சம் கத்தி. பல் எங்கே முடிந்திருக்கும் என்று என் கைக்குத் தெரியும். டாக்டருக்கு விஷயமே போகாது. நான் பேர் வாங்கியது இப்படித்தான்.

என் ஒரே மகள் பல் டாக்டருக்குப் படித்தாள். படிப்பு முடிந்ததும் அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு வருடப் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். மொத்தம் எட்டு இடம். அங்கே பயிற்சி முடித்தவர்களுக்கு எங்கே போனாலும் நாற்காலி தயாராக இருக்கும் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். காலேஜ் மார்க் பாதி, ஜட்ஜ்மென்ட் டெஸ்ட் என்று ஒன்று பாதி. இரண்டையும் கூட்டி மேலிருந்து எட்டுப் பேரை எடுப்பார்கள். அந்த டெஸ்டில் பாடத்திலிருந்து ஒரு கேள்விகூட இல்லையாம். ஒரு சங்கடத்தைச் சொல்லி, ஐந்து வழி கொடுத்து, எது முதலில் செய்யத் தகுந்தது, எது கடைசி என்று வரிசைப்படுத்தச் சொல்வார்களாம்.

புத்திக்குமா பரீட்சை என்று சிரித்தேன். மாதிரித் தாளை வாசிக்கச் சொல்லி, தோசை சாப்பிட்டுக்கொண்டே பதில் சொன்னேன். மூன்றாவது கேள்வி எனக்காகவே எழுதினது போல இருந்தது. சீனியர் எடுத்த அளவில் குறை தெரிகிறது, அவர் கிளம்பிவிட்டார், நீங்கள் என்ன செய்வீர்கள்?

"லேபுக்கு அனுப்பு. அவன் பார்த்துப்பான்," என்றேன். "சார்கிட்ட போய் உன் வேலை சரியில்லன்னு சொல்லுவியா? நாளைக்கு உன் மூஞ்சைப் பார்ப்பாரா அவரு?"

அவளும் தலையாட்டினாள்.

பட்டியல் வந்தது. காலேஜ் மார்க்கில் மூன்றாவதாக இருந்தவள், கூட்டிப் பார்த்தால் பதினொன்றாவது. டெஸ்ட் மார்க்கைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். தவறைத் தெரியப்படுத்துதல் என்ற பகுதியில்தான் விழுந்திருந்தாள். இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். தேர்வைப் பார்த்துக்கொள்ளும் டாக்டரம்மா என்னை உட்கார வைத்துப் பேசினார். என் கதையெல்லாம் சொன்னேன். அவர்கள் ஆஸ்பத்திரி கேப் வேலையும் என் லேபுக்குத்தான் வருகிறது. அந்த உரிமையில் சொன்னேன்: "இங்கருந்து வர்ற அளவுல எத்தினி ஓட்டை கீது தெரியுமாம்மா? ஒண்ணுகூட நான் திருப்பி அனுப்புனதில்ல. நானே சரி பண்ணிடுவேன். அந்தப் புத்திதான் என் பொண்ணுக்கும். அதுக்குப் போயி மார்க்கைக் குறைச்சிட்டீங்களே."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பயிற்சியில இருக்கிற பசங்க எடுத்த அளவா?"

எல்லாம்தான் என்றேன்.

"அவங்க நல்லா அளவு எடுக்கிறாங்கன்னு நான் கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்கேன் சார்."

கேப் அன்றைக்கு உட்கார்ந்துவிடும்; ஆனால் ஓரம் சரியாக மூடாமல் இரண்டு வருடம் கழித்து அடியில் சொத்தை வந்தால் யாரைக் கேட்பது என்றார்.

அவர் கோபப்படவில்லை. "இந்த மார்க்கை வெச்சு நாங்க யாரையும் நல்லவங்க, கெட்டவங்கன்னு சொல்றதில்ல. பெரியவங்ககிட்ட நேரா பேசிப் பழகின வீட்டுப் பிள்ளைங்களுக்கு இது சுலபமா வரும். மத்தவங்களுக்குக் கஷ்டம்தான், எங்களுக்கும் தெரியுது. ஆனா எட்டு இடத்துக்கு எங்கயாவது கோடு போட்டாகணுமே," என்றார். பட்டியல் மாறாது என்றும், அடுத்த முறை எழுதலாம் என்றும் சொல்லி, வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

வீட்டுக்கு வந்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"ஆஸ்பத்திரி வேலை போயிடுமா நைனா?" என்றுதான் கேட்டாள். பிறகு, "நீ சொல்லிக் குடுத்ததால அப்படி எழுதல. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு," என்றாள்.

மறுநாள் தி. நகர் டாக்டருடைய அளவு ஒன்று குமிழோடு வந்தது. நான் கிண்ணம் கழுவிய காலத்திலிருந்து தெரிந்தவர். போனைக் கையில் வைத்துக்கொண்டு லேபுக்குள்ளேயே நாலு நடை நடந்தேன். கடைசியில் போன் போட்டுக் குமிழைப் பற்றிச் சொன்னேன். "சரிய்யா, பேஷண்டைத் திரும்ப வரச் சொல்றேன்," என்று வைத்துவிட்டார். எல்லோரும் அவரைப் போல இல்லை. இரண்டு டாக்டர்கள் வேறு லேபுக்குப் போனார்கள். ஆஸ்பத்திரி வேலை கையைவிட்டுப் போகவில்லை. அங்கிருந்து வந்த அளவுகளில் முதல் மாதம் எத்தனையோ திருப்பி அனுப்பினேன், அப்புறம் அது குறைந்தது.

மகள் அந்த வருடம் கொட்டிவாக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை பார்த்தாள். மறுபடி பரீட்சைக்குப் படித்தபோது நான் பக்கத்தில்கூட உட்காரவில்லை. பதில் நாக்கு நுனியில் வந்து நிற்குமே. ஆறாவதாக வந்தாள், இடம் கிடைத்தது. அதில் பாதி மார்க் என்னுடையது என்றுதான் தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வாரம் ஆஸ்பத்திரிப் பெட்டியில் ஒரு அளவு வந்தது. சீட்டில் அவள் கையெழுத்து. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் கடுகளவு குமிழ். என் கைக்கு அது ஒரு நிமிட வேலை. கத்தியை எடுத்தும்விட்டேன், பழக்கம் அப்படி.

கத்தியை வைத்துவிட்டு போன் போட்டேன். "அம்மாடி, பின்பக்கம் ஓரத்துல குமிழ் கீது. மறுபடி எடுக்கணும்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினாள்.

"சரி நைனா. பேஷண்டை மறுபடி வரச் சொல்றேன். டாக்டரம்மாகிட்டயும் நானே போய்ச் சொல்லிடறேன்," என்றாள்.