முனியாண்டி மீசை தேடி லூபோக் சீனா போனோம்

1996 டிசம்பர். தொழிற்சாலையில் வருடக் கடைசி விடுமுறை விட்டிருந்தார்கள். குருபோங்கில் என்னோடு வீடெடுத்துத் தங்கியிருந்த பெண்கள் எல்லாரும் போர்ட் டிக்சன் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். நான் காட்டுப்பூ பார்க்கப் போகிறேன் என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்கள் போய்வந்த கடற்கரை அவர்களுக்கே இப்போது நினைவிருக்காது. நான் பூத் தேடிப் போன அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இத்தனை வருடம் கழித்தும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அழைத்தவர் தேவகி அக்கா. தம்பினை ஒட்டிய புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்கு எதிர் வரிசையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். வார நாளில் பாஸ்போர்ட் படம், முகூர்த்த நாளில் கல்யாணப் படம், மிச்ச நேரமெல்லாம் பூ. எங்கள் பக்கத்துக் காட்டுப்பூக்களைப் பற்றித் தமிழில் இரண்டு கையேடு எழுதியிருந்தார். என் வீட்டுக்குப் பின்னால் சாக்கடை ஓரம் பூத்துக் கிடந்ததையெல்லாம் அந்தப் புத்தகங்களை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஒரு கடிதம் போட்டேன். ‘மூன்றாவது புத்தகத்துக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது, வருகிறாயா?’ என்று பதில் வந்தது. கேட்கவும் வேண்டுமா?

காலை ஏழு மணிக்குப் பெரிய சாலைக்கு நடந்து வந்து தம்பின் பஸ் பிடித்தேன். முப்பது கிலோமீட்டர் இருக்கும், டிக்கெட் இரண்டு வெள்ளி. (அந்தக் காலத்து விலை. இதைக் காட்டி இன்றைக்கு யாரோடும் சண்டை போடாதீர்கள்.) எட்டேகாலுக்கு ஸ்டூடியோவில் இருந்தேன். அக்கா ரொட்டி சானாய் வாங்கி வைத்திருந்தார். சாப்பிட்டு முடிப்பதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

புத்தகம் மறுநாள் அச்சுக்குப் போகிறது. அட்டைக்கு வைத்திருந்த படத்தை எடுத்துக் காட்டினார். காது போல நிமிர்ந்த இரண்டு வெள்ளை மடல், நடுவே கருநீலப் பூக்கள், அவற்றுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு மயிர் மயிராகத் தொங்குகிறது. ஓடைக்கரை நிழலில் பூப்பது. அக்கா பிறந்த ரப்பர்த் தோட்டத்தில் இதற்கு ‘முனியாண்டி மீசை’ என்று பெயராம். அந்தத் தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டு இப்போது எண்ணெய்க்குச் செம்பனை நிற்கிறது. ஆட்கள் நாலா பக்கமும் போய்விட்டார்கள்.

சரி, பெயர்தான் தெரியுமே, போட வேண்டியதுதானே என்றேன். அங்கேதான் சிக்கல். முதல் புத்தகம் வந்தபோது ஒரு கூட்டத்தில் வாத்தியார் ஒருவர் எழுந்து, இந்தப் பெயர்களையெல்லாம் ஸ்டூடியோவில் உட்கார்ந்து சமைத்தீர்களா என்று கேட்டிருக்கிறார். சபை சிரித்திருக்கிறது. அன்றைக்கே அக்கா ஒரு விதி வைத்துக்கொண்டார். ஒன்றுக்கொன்று போக்குவரத்து இல்லாத இரண்டு தோட்டங்களில், நாம் எடுத்துக் கொடுக்காமல், ஒரே பெயரை ஆட்களே சொல்ல வேண்டும். சொன்னால் பூ புத்தகத்தில் ஏறும். இல்லாவிட்டால் எத்தனை அழகாக இருந்தாலும் வெளியே. இந்தப் பூவுக்கு ஒரு தோட்டம்தான் சாட்சி, அதுவும் அவர் பிறந்த தோட்டம். அட்டைக்கு மாற்றாக வேறொரு பூ தயாராக இருந்தது. அந்தப் படத்தை அவர் மேசையில் கவிழ்த்துத்தான் வைத்திருந்தார்.

அந்தத் தோட்டத்தோடு போக்குவரத்தே இல்லாத லூபோக் சீனா பக்கம் இரண்டாவது சாட்சி தேடிப் போவதற்கு, ஐம்பது வெள்ளிக்கு நாள் முழுக்க டாக்சி பேசினோம். ஓட்டுநர் சந்திரன் அண்ணன் தங்கமான மனுஷர். வாய்தான் பூட்டில்லாத வாய். அலோர் காஜா, மஸ்ஜித் தானா வழியாக லூபோக் சீனா நாற்பது கிலோமீட்டர் சொச்சம். வழியெல்லாம் ரப்பரும் செம்பனையும் மாறி மாறி வந்தன. ஊர் எல்லையில் இருந்த முதல் தோட்டத்தில் இறங்கி அக்கா படத்தை எடுக்கிறார், அதற்குள் அண்ணன் முந்திக்கொண்டு, “இத முனியாண்டி மீசைன்னுதானே சொல்வீங்க?” என்று லயத்து வீடுகளில் இருந்த தோட்டத்து ஆட்களிடம் கேட்டேவிட்டார். ஆமாம் ஆமாம் என்று அத்தனை பேரும் தலையாட்டினார்கள். தேடி வந்த விருந்தாளி சொன்னதை இல்லையென்று சொல்ல எங்கள் ஜனத்துக்கு வாய் வருமா? ரோஜா என்று காட்டியிருந்தாலும் ஆமாம் என்றிருப்பார்கள். அந்தத் தோட்டம் அதோடு காலி. எனக்கு வந்த கோபத்துக்கு அண்ணனை அங்கேயே இறக்கிவிட்டிருப்பேன், கார் அவருடையதாகப் போயிற்று.

அடுத்த தோட்டம் அங்கிருந்து ஆறு கிலோமீட்டர், செம்மண் பாதை. போய்ச் சேரும்போது உச்சி வெயில். அண்ணனைக் காரைவிட்டு இறங்கக்கூடாது என்று நானே சொல்லிவிட்டேன். குழாயடியில் நாலைந்து பெண்கள் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். எதிரிலேயே மரத்தடியில் முனியாண்டி கோயில். சாமி புதுச் சாயத்தில், கையில் அரிவாளோடு நின்றார். அக்கா படத்தை நீட்டி, இதற்கு இங்கே என்ன பெயர் என்று மட்டும் கேட்டார். பெண்கள் படத்தைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூத்தவர், தெரியவில்லையம்மா என்று சொல்லிவிட்டு அலசிய துணியையே மறுபடி அலசினார். மற்றவர்கள் நிமிரவே இல்லை.

அக்கா படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். ஒருவேளை அந்தப் பெயர் அவர் தோட்டத்தோடு முடிந்தே போய்விட்டதோ என்று அவர் நினைத்திருப்பார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

கார் கிளம்பும்போது குழாயடியில் இருந்த ஒரு பெண் ஓடிவந்து, டவுன் வரைக்கும் ஏற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். லெட்சுமி என்று பெயர், பாசாரில் மீன் வாங்க வேண்டுமாம். என் பக்கத்தில் உட்கார்ந்து, தோட்டத்துப் பாலம் தாண்டும்வரை வாயே திறக்கவில்லை. பாலம் தாண்டியதும் முன்னால் குனிந்தார்.

“அக்கா, அந்தப் படத்த இன்னொருக்கா காட்டுங்க லா.”

அக்கா திரும்பிப் பார்க்காமலே கொடுத்தார்.

“உச்சி நேரத்துல, அவரு எல்லைக்குள்ள, அவரு வாசல்லயே நின்னுக்கிட்டு, அவரு மீசைய எப்பிடிக்கா பேசறது? இது முனியாண்டி மீசை. சாமிக்குச் சாயம் அடிக்கிறப்ப எங்கப்பா இதப் பாத்துத்தான் மீசை வரைவாரு.”

சந்திரன் அண்ணன் காரை ஓரமாக நிறுத்திவிட்டார். அக்கா முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, புலாவ் செபாங் பக்கம் வந்ததுண்டா, அங்கே சொந்தம் உண்டா, இப்படிச் சொல்லலாம் என்று இன்றைக்கு யாராவது சொன்னார்களா என்று போலீஸ்காரர் மாதிரி துருவினார். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை. அப்புறம் அக்கா சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார். நானும் அழுதேன், ஏன் மறைக்க வேண்டும்? லெட்சுமிக்குத்தான் ஒன்றும் புரியவில்லை, மீன் தீர்ந்துவிடும் என்று கவலைப்பட்டார். சந்தை மூடுவதற்குள் கொண்டுபோய் விட்டோம்.

நாலு மாதம் கழித்துத் தம்பினில் ஒரு மண்டபத்தில் புத்தக வெளியீடு. அட்டையில் மீசை தொங்கியது. உள்ளே பெயருக்குக் கீழே, ‘சொன்னவர்: லெட்சுமி, லூபோக் சீனா’ என்று அச்சாகியிருந்தது. பழைய வாத்தியார் முன் வரிசையில் இருந்தார். விடுவாரா? எழுந்து, இந்தப் பெயரை யார் சொன்னது என்று கேட்டார். அக்கா பின் வரிசையைப் பார்த்தார். சிவப்புச் சேலையில் லெட்சுமி எழுந்தார். சுவர்க் கடிகாரத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டார். மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

“நான்தான் சொன்னேன்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வாத்தியாரும் தட்டினார், நான் பார்த்தேன்.

நீங்களும் போகிறீர்களா? மழை விட்ட வாரத்தில் போங்கள், ஓடைக்கரை வழுக்கும், காலுக்குப் பழைய சப்பாத்து போதும். பூவைப் பறிக்காதீர்கள். மஸ்ஜித் தானாவுக்கு அப்பால் சாப்பாட்டுக் கடை குறைவு, கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குக் காலையிலோ மாலையிலோ போய்ச் சேருங்கள். உச்சி வேளையில் மாட்டிக்கொண்டு, தெரியாது என்று பதில் வந்தால் மனசு விட்டுவிடாதீர்கள், காரில் ஒரு இடம் காலி வைத்துப் பாலம் தாண்டி வாருங்கள். பெயரை மட்டும் நீங்கள் முதலில் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் சொல்லட்டும்.