மத்தியானம் வந்த அக்கா

இது நடந்தது. சிரிப்பவர்கள் சிரிக்கலாம். முன்பின் தெரியாத யாருக்கோ நடந்தது என்றால் நானும் சிரித்திருப்பேன். மருந்துக் கிடங்கில் பதினான்கு வருடமாக என் பக்கத்தில் நின்று அட்டைப்பெட்டி ஒட்டியவளுக்கு நடந்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. லீவு போடக்கூட நிஜக் காய்ச்சல் வரட்டும் என்று காத்திருப்பவள். கிடங்கில் எல்லோருக்கும் அவள் ‘பெரியவள்’.

அம்மா இறந்தபோது பெரியவளுக்குப் பதினைந்து வயது, தங்கைக்கு நாலு. அன்றிலிருந்து குளிப்பாட்டியது, தலை பின்னியது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடியது, கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் இவள்தான். தங்கைக்கு மாப்பிள்ளை வந்தபோது, தன் கையை விட்டுப் போகிறாளே என்று தனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது என்று அவளே ஒருமுறை என்னிடம் ஒத்துக்கொண்டாள்.

தங்கைக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று இரண்டு மாதம் முன்னால்தான் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்திருந்தார்கள். இரண்டாவது மாடியில் அந்த ஒரு வீடுதான். அதற்கு மேலே மொட்டை மாடி. தங்கையின் கணவர் வேன் ஓட்டுபவர். காலை ஏழு மணிக்குப் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் வருவார். அதனால் பெரியவள் தன் இரண்டு பிள்ளைகளையும் கணவரிடம் விட்டுவிட்டு, ஒரு மாதம் லீவு போட்டு வந்துவிட்டாள்.

கை கால் ஓயாத வேலை. தையல் நனையாமல் உடம்பு துடைத்துவிட வேண்டும். வேளாவேளைக்கு மாத்திரை, கஞ்சி, வெந்நீர். மெல்ல எழுப்பி நாலு அடி நடக்கவிட வேண்டும். குழந்தையை மார்பில் சரியாகப் பிடித்துக் கொடுக்க வேண்டும். எவ்வளவு ரத்தம் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தூக்கம் போனாலும் அவளுக்கு அதில் ஒரு பெருமை. தங்கை மறுபடியும் தன் கைக்குள் வந்துவிட்டாளே.

மத்தியானம் இரண்டரை மணிக்குத் தாயும் பிள்ளையும் கண் அசருவார்கள். அந்த நேரத்தில் பெரியவள் துவைத்த துணியை மொட்டை மாடிக்கு எடுத்துப் போவாள். தங்கை எழுந்து வந்து கதவு திறக்க முடியாது என்பதால் வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். மூன்று மணிக்குள் திரும்பிவிடுவாள்.

ஆறாம் நாள் திரும்பி வந்தபோது தங்கைக்குத் தலை பின்னியிருந்தது.

காலையில் வெறுமனே முடிந்துவிட்டிருந்த தலை. இப்போது ஒரு முடி பிசிறாமல் இறுக்கமான ஒற்றைப் பின்னல். பக்கத்தில் பாதி குடித்த வெந்நீர் டம்ளர்.

“யாரு பின்னிவிட்டா?”

“அந்த அக்காதான்” என்றாள் தங்கை, அரைத் தூக்கத்தில்.

கீழ்வீட்டுக்காரியாக இருக்கும், மாப்பிள்ளை அவளிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருப்பார் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் நெஞ்சுக்குள் சுருக்கென்றது. அக்கா என்று தங்கை இதுவரை வேறு யாரையும் கூப்பிட்டதில்லை.

கீழே போய்க் கேட்டாள். கீழ்வீட்டுக்காரி தனக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏறியே மூன்று மாதம் ஆகிறது என்றாள். மாப்பிள்ளையோ யாரிடமும் சாவி கொடுக்கவில்லை என்றார். எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்றுதான் பெரியவளுக்குப் பட்டது.

ஏழாம் நாளும் அந்த அக்கா வந்தாள். எட்டாம் நாளும் வந்தாள்.

அந்த அக்காவின் கை ஜில்லென்று இருக்குமாம். தையல் எரிகிற இடத்துக்கு மேலே அப்படியே வைத்துக்கொண்டு இருப்பாளாம். இதமாக இருக்குமாம். அந்த அக்கா தூக்கினால் குழந்தை அழுவதே இல்லையாம். தங்கை சொல்லச் சொல்ல, கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரவெல்லாம் விழித்திருப்பது ஒருத்தி, பேர் வாங்கிப் போவது இன்னொருத்தியா?

ஒன்பதாம் நாள் காலை, ரத்தம் கொஞ்சம் கூடுதலாகப் போவதைப் பார்த்தாள். கட்டியாகவும் வந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தாள். அப்போது தங்கை சொன்னாள்.

“அந்த அக்கா நேத்தே சொன்னாங்க... இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிடணுமாம்.”

பெரியவள் போனைக் கீழே வைத்துவிட்டாள்.

“ரெண்டு பெத்தவ நான். எனக்குத் தெரியாதா? நாளைக்குப் பாத்துக்கலாம்.”

இதை என்னிடம் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அந்த அக்காவைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தாள். 2.30க்குக் கதவைப் பூட்டினாள். செருப்புச் சத்தம் கேட்கும்படி மொட்டை மாடிக்கு ஏறினாள். மேலே செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு இறங்கி வந்து கதவில் காதை வைத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். 2.37.

படியில் யாரும் ஏறி வரவில்லை. ஆனால் உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. ஒன்று தங்கையின் குரல். இன்னொன்று... மெதுவான, கரகரத்த குரல். வார்த்தை பிடிபடவில்லை.

தங்கை ஒருமுறை சிரித்தாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தன்னிடம் அவள் ஒருமுறைகூட அப்படிச் சிரிக்கவில்லை. உள்ளே போகத் தோன்றவில்லை. இன்னும் என்னென்ன பேசுகிறார்கள், கேட்போமே...

2.44. சீப்பு முடியில் இறங்கும் சத்தம். சரக்... சரக்...

2.48. தங்கையின் குரல் நின்றுவிட்டது. சீப்பு மட்டும் நிற்கவில்லை. சரக்... சரக்... கூடவே சொட்... சொட்... என்று ஏதோ. குழாயைச் சரியாக மூடவில்லை போல என்று நினைத்தாள்.

2.52. சாவியைப் போட்டுத் திருப்பினாள்.

ஹாலில் யாரும் இல்லை. வெயில் காலம்... ஆனால் தரை பாதத்தில் ஐஸாக ஒட்டியது.

படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது.

கட்டில் ஓரத்தில் ஒருத்தி. முதுகு மட்டும் தெரிந்தது. வெளுத்த நைட்டி.

இடுப்புக்குக் கீழே... நைட்டி கறுப்பாக நனைந்திருந்தது.

மடியில் தங்கையின் தலை.

பெரியவளுக்குப் பயத்தை முந்திக்கொண்டு கோபம்தான் வந்தது.

“யார் நீ? அவ என் தங்கச்சி.”

சீப்பு நின்றது.

அவள் திரும்பவில்லை.

“அப்ப இவ்வளவு நேரம்... வெளிய ஏன் நின்னே?”

பெரியவள் கண் இமைத்தாள்.

கட்டிலில் யாரும் இல்லை.

தங்கை மட்டும். உதடு வெளுத்து, கண் செருகி. மெத்தை நனைந்து, ஓரத்திலிருந்து ரத்தம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

சொட்... சொட்...

ஆம்புலன்ஸ் 3.04க்கு வந்தது. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் அரை மணி போயிருந்தால் கைவிட்டிருக்க வேண்டியதுதான் என்று டாக்டரம்மா திட்டினார். தங்கை பிழைத்துவிட்டாள். அந்த அக்காவைப் பற்றி அதற்குப் பிறகு அவளும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பெரியவள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கப் பெரியவள்தான் போனாள். வீட்டுக்காரம்மா ஐம்பது வயதுக்காரி, தனியாக வேறொரு தெருவில் இருப்பவள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். பெரியவள் ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்ட அந்த அம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் தன் தங்கை அதே அறையில் இறந்துபோனாள் என்றாள். குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள். ரத்தப்போக்கு. ஹாலில் படுத்திருந்தது இந்த அம்மாள்தான். தங்கை மூன்று தடவை கூப்பிட்டது காதில் விழுந்ததாம்.

வந்தவள் யார் என்று பெரியவளுக்குப் புரிந்துவிட்டது போல இருந்தது.

“ஏன் எழுந்து போகல?”

“கோவம்மா. நான் ராப்பகலா பாத்துக்கிட்டேன். அவ என்னடான்னா, மத்தியானம் ஒரு அக்கா வராங்க, உன்னைவிட நல்லா பாத்துக்கறாங்கன்னா. கூப்பிட்டப்ப, அந்த அக்காவையே கூப்பிட்டுக்கோன்னு படுத்துட்டேன்.”

அப்படியென்றால் அதற்கும் முன்னால் அந்த வீட்டில் யார் இறந்தது என்று பெரியவள் கேட்டாள்.

வீட்டுக்காரம்மா இல்லையென்று தலையாட்டினாள்.

“யாரும் இல்லம்மா. வெறும் நிலத்தை வாங்கிப் புதுசா கட்டின வீடு. முதமுதல்ல குடிவந்ததே நாங்கதான்.”