சுவெட்டர் கைக்குள் கிடந்த கயிறு

“…ஆனா நான் யாருக்கும் தீர்ப்பு சொல்லல டீச்சர், அத மட்டும் மனசுல வச்சிக்குங்க. கயிறு கெடக்கிற கையோட புள்ளய ஆண்டவர்கிட்ட தூக்கிட்டுப் போக வேணாம்னுதான் அன்னைக்குச் சொன்னேன். இன்னைக்கும் அதத்தான் சொல்றேன்” என்றார் பெரியக்கா. பிள்ளை அவர் மடியில் இருந்தது. என் போன் சூடு ஆறாமல் பக்கத்துப் பெஞ்சில் கிடந்தது.

எங்கள் பிள்ளைக்காம்பராவில் நடந்த பேச்சு இது. தாய்மார் தேயிலைக் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம். இப்போது அதற்குப் புதுப்பெயர் எழுதிப் போர்டு மாட்டி, பிள்ளை பார்க்கிற என்னையும் டீச்சர் ஆக்கிவிட்டார்கள்; வாயில் வருவதென்னவோ பழைய பெயர்தான். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் இந்த வாசலில் வந்து நின்றவர்கள் பேசிப் பேசிக் காதில் விழுந்தது.

பெரியக்காவும் கொழுந்தெடுப்பவர்தான். எங்கள் தோட்டத்துச் சின்னச் சேர்ச்சுக்குப் போதகர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற நாளெல்லாம் சபையைக் கட்டி மேய்ப்பவர் இவர். கெட்டவர் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. இந்தப் பிள்ளை பிறந்த அன்று ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. நோவெடுத்த தாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு சேற்றில் ஏறி இறங்கி, அந்தப் பக்கம் நின்ற கொழுந்து லொறிவரை கொண்டுபோய்ச் சேர்த்தவர் பெரியக்காதான். “பெத்தது அவ, முக்குனது நானு” என்று பிறகு லயத்து வீடுவீடாகச் சொல்லிச் சிரித்தார்.

அந்தத் தாய் எங்கள் சபைப் பெண். புருஷன் வீட்டார் சைவம். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். தீபாவளிக்கு வந்தால் வந்தான், காசும் அப்படித்தான். அதனால் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று ஆனது. போகுமுன் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைக்கு ஞானஸ்நானம்.

“பேரு வைக்காம விட்டுட்டுப் போனா அங்க எனக்குத் தூக்கம் வருமா டீச்சர்? ஒண்ணு கெடக்க ஒண்ணு நடந்தா, ஆண்டவர் எந்தப் பேரச் சொல்லி இதக் கூப்பிடுவாரு?” என்று இதே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள்.

அதற்குள் பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். மாமியார் அதோடு விடாமல் மாரியம்மன் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, பூசாரியிடம் மந்திரித்துக் கையில் கறுப்புக் கயிறு கட்டிவந்தார். வலிப்பு நின்றது. எதனால் நின்றது என்று யார் கண்டது. தாய் போனபின் பிள்ளையை வளர்க்கப்போவது மாமியார்தான். அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: “ஒங்க போதகரு ஐயா கொடம் கொடமா தண்ணி ஊத்தட்டும், நான் வேணாங்கல. கயித்துல கை வச்சீங்க, புள்ளய நீங்களே வளத்துக்குங்க.” செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிற மனுஷி அவர்.

அந்த மாதம் போதகர் பேசியது, பிறருக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று ஆண்டவர் சொன்னதைப் பற்றித்தான். “அடுத்தவனுக்குத் தீர்ப்பு எழுத ஒனக்கு யாரு பேனா குடுத்தது?” என்று கேட்டார். பெரியக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பொய்யாக இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும், தோள் குலுங்கியது. “என்னா ஒரு பேச்சு, நெஞ்ச அறுத்துருச்சு” என்று சொல்லிக்கொண்டேதான் வெளியே வந்தார்.

வாசற்படியில் அந்தத் தாய் பிள்ளையோடு நின்றாள். போதகர் அடுத்த முறை வரும்போது அவள் இருக்கமாட்டாள்.

“இன்னைக்கே ஞானஸ்நானம் குடுக்கச் சொல்லுங்க பெரியக்கா” என்றாள்.

பெரியக்கா பிள்ளையை ஆசையாக வாங்கினார். கையைப் பிடித்து முத்தம் கொடுக்கப் போனவர் கயிற்றைக் கண்டார்.

“இது என்னா?”

“மாமி கட்டுனது.”

“அறுத்துட்டு வா. ஆண்டவர் எங்கயும் ஓடிப்போயிற மாட்டாரு.”

“அறுத்தா மாமி புள்ளயப் பாக்க மாட்டாங்களே. நான் எப்புடிப் போறது?”

“அப்ப நீயே முடிவு பண்ணிக்க. ஆண்டவரா, மாமியாரான்னு.”

“கயித்தக் கட்டிக்கிட்டது கொழந்தயா பெரியக்கா? அதுக்கு என்னா தெரியும்?” என்றேன் நான்.

“நீங்க சும்மா இருங்க டீச்சர். இது ஒங்க காம்பரா இல்ல.”

போதகரைப் பார்த்தோம். அவருக்கு அடுத்த தோட்டத்து ஆராதனைக்கு நேரமாகிவிட்டது. ஆட்டோக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். “அக்கா சொன்னா சரிதான். ஒங்க சபைக்குள்ள வந்து நான் தீர்ப்பு சொல்லக் கூடாதில்ல” என்று சிரித்துவிட்டு ஏறிக்கொண்டார்.

அவள் புறப்பட்ட அன்று றொசல்ல ஸ்டேஷன்வரை அவள் பையைத் தலையில் சுமந்தவர் பெரியக்கா. வழிக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக் கொடுத்தார். ரயில் போனபின் பனிக்குள் நின்று அழுதார். அன்றிலிருந்து மத்தியானம் மலையிலிருந்து இறங்கி, தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக்கொண்டு காம்பராவுக்கு வருவார், பிள்ளைக்கு ஊட்ட. கயிறு கட்டிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஊட்டுவார்.

இதற்கு என்ன பெயர் சொல்வது? வேஷம் என்று சொல்லிவிட்டால் சுலபம், வேஷத்தைக் கலைத்துவிடலாம். இது வேஷமில்லை. அழுததும் அவர்தான், கதவை அடைத்ததும் அவர்தான். மாமியாரும் அப்படித்தான், போதகரும் அப்படித்தான். எழுதுகிற நானும் மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தி வைத்துத்தானே எழுதுகிறேன். தீர்ப்புச் சொல்லாதே என்ற ஆண்டவர் எங்களைத் தெரிந்துதான் சொன்னாரா, இது எங்களால் ஆகிற காரியமா என்று சில நாள் தோன்றுகிறது. ஆகும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

முதலில் எழுதிய பேச்சு நடந்த அன்று மத்தியானம், குவைத்திலிருந்து என் போனுக்கு அழைப்பு வந்தது. வேலை செய்கிற வீட்டு மேடம் வெளியே போனால்தான் அவளுக்குப் பேசக் கிடைக்கும். வீடியோவில் முகம் ஒடுங்கிக் கறுத்திருந்தது.

“பெரியக்கா, மாமி மனசு மாறி கயித்த எடுத்துட்டாங்களா? தண்ணி ஊத்தியாச்சா? நேத்தும் கனவு. எங்கயோ இருட்டுல நின்னு அழுவுது, கூப்பிடப் பேரில்ல. கையக் காட்டுங்க.”

பெரியக்கா பிள்ளையின் சுவெட்டர் கையை விரல்நுனிவரை இழுத்துவிட்டார். “குளிரு புள்ள, சட்டைய ஏத்த வேணாம். ஊத்தியாச்சு. போன மாசமே ஊத்தியாச்சு.”

“நான் சொன்ன பேருதானே?”

“நீ சொன்ன பேருதான். அழுவாம வேலயப் பாரு.”

அவள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். பிள்ளை போனைப் பார்க்கவேயில்லை. அந்தப் பெயரில் அதை யாரும் கூப்பிட்டதில்லை. லைன் அறுந்தது.

“வர்ற ஞாயித்துக்கெழம ஐயா வர்றாரு பெரியக்கா” என்றேன். “சொன்னத உண்மையாக்கிறலாம். நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “பொய் சொன்னதுக்கு நான் ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன், அது என் பாடு. ஆனா நான் யாருக்கும் தீர்ப்பு சொல்லல டீச்சர்…” என்று தொடங்கினார். மீதியை முதலிலேயே எழுதிவிட்டேன்.

சொல்லி முடித்துவிட்டு, சுவெட்டர் கையை மேலே ஏற்றிப் பார்த்தார். இழுத்த இழுப்பில் முடிச்சுத் தளர்ந்து, கயிறு நழுவப் பார்த்தது. சாயங்காலம் மாமியார் வந்து வெறுங்கையைக் கண்டால் பிள்ளைக்கு வேறு ஆளில்லை. பெரியக்கா குனிந்தார். கயிற்றின் நுனியைப் பல்லில் கடித்து இழுத்து, முடிச்சை இறுக்கிக் கட்டினார்.