ஏழு மணிக் கோளாறு

சிங்காநல்லூரில் அம்புஜத்துக்குப் பயந்தவர்கள் உண்டு. அவள் யாருக்கும் பயந்ததில்லை. கணவர் திருமலைசாமியின் பம்ப் பட்டறைக்கு அவள் வருகிறாள் என்றால் லேத்துக்காரர்கள் பீடியை அணைத்துவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவளால் பக்கத்து வீட்டுக் கந்தப்பனிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல முடியவில்லை: ஏழு மணிக்கு அவள் சீரியல் பார்க்க வேண்டும்.

எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்தவரை எழுந்து போ என்பது அந்தப் பக்கத்து வழக்கத்திலேயே இல்லை. மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற கந்தப்பனோ, சாயங்காலமானால் கபடி பார்க்க வந்துவிடுவார். "அப்ப வாரனுங்க" என்று எழுந்து, நின்றபடியே இன்னொரு ஆட்டம் பார்ப்பார். சீரியலில் மாமியாரின் கள்ளக் கையெழுத்து அம்பலமாகப்போகிற நேரம் வேறு. போனில் பார்த்துக்கொள்ளேன் என்றார் திருமலைசாமி. வில்லியின் மூக்குத்திகூடத் தெரியாத திரையில் என்னத்தைப் பார்ப்பது என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

மகள் ஷ்ரவ்யா வாங்கிக் கொடுத்த ரிமோட் அப்போதுதான் கண்ணில் பட்டது. டிவி, செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். எந்தப் பட்டனுக்கு எந்த வேலை என்று நாமே சொல்லிக் கொடுக்கலாம். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். சிவப்பை அமுக்கினால் பாக்ஸ் அணையும், ஸ்பீக்கர் ஊமையாகும், டிவி 'சிக்னல் இல்லை' என்று கைவிரிக்கும். பச்சையை அமுக்கினால் எல்லாம் உயிர் பெற்று நேராக அவளுடைய சேனலில் வந்து நிற்கும்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்குச் சமையலறை வாசலில் நின்று, முந்தானை மறைவில் சிவப்பை அமுக்கினாள். கபடி காணாமல் போனது. கந்தப்பன் போய்விடுவார் என்று காத்திருந்தாள்.

அங்கேதான் அவள் கணக்கு தப்பியது. கோயமுத்தூரில் பிறந்துவிட்டு, கெட்டுப்போன ஒரு பொருளை அப்படியே விட்டுப் போகிற ஆம்பளை உண்டா? கந்தப்பன் டெஸ்டரோடு வந்தார், திருமலைசாமி ஸ்பேனரோடு வந்தார். ஒயரைப் பிடுங்கினார்கள், ஊதினார்கள், மாட்டினார்கள். சீரியல் போய்க்கொண்டிருக்கிறதே என்று பதறிய அம்புஜம் பச்சையை அமுக்கிவிட்டாள். படம் வந்ததும், தானே சரி செய்துவிட்ட பெருமையோடு கந்தப்பன் உட்கார்ந்து, பழைய ரிமோட்டை எடுத்து மறுபடி கபடியைப் போட்டார். அம்புஜம் பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்குக் காபி போட்டாள்.

மறுநாள் சிவப்பை அமுக்கிய கையோடு அவளே யோசனையும் சொன்னாள். கோளாறு டிவியில் இருக்காது, மொட்டை மாடி டிஷ்ஷில்தான் இருக்கும் என்றாள். இருவரும் மேலே போனதும் பச்சையை அமுக்கினாள். சீரியல் முடியும்வரை யாரும் இறங்கவில்லை. அன்றிலிருந்து தினமும் இதே கதைதான். இந்த ஆம்பளைகளை ஏமாற்றுவது இத்தனை சுலபமா என்று தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

கள்ளக் கையெழுத்து அம்பலமான அன்று அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பாவம் என்று விளம்பர இடைவேளையில் இரண்டு டம்ளர் காபியோடு மாடி ஏறினாள். டிஷ் பக்கம் ஒருவரும் இல்லை. தண்ணீர்த் தொட்டி ஓரமாக இருவரும் காலை நீட்டி உட்கார்ந்து, வறுத்த கடலையைக் கொறித்தபடி போனில் கபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கந்தப்பன் மரியாதையாக எழுந்து டம்ளரை வாங்கினார்.

"ஏனுங்க அம்மணி, கத முடிஞ்சுதுங்களா? இல்லீன்னா இன்னும் செத்த நேரம் ரிப்பேர் பாத்துப்போட்டு வாரமுங்க."

ஷோகேஸ் கண்ணாடியில் ரிமோட்டை அமுக்கும் அவள் கை தெரிந்ததாம், இரண்டாம் நாளே. அம்புஜத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போதே சொல்லியிருக்கலாமே என்று முனகினாள்.

"நீங்களே சொல்லாம இருக்கறப்ப, நாங்க எப்படீங்க சொல்றது?"

மறுநாள் மாடியில் இரண்டு நாற்காலிகள் கிடந்தன. டிஷ்தான் இன்னும் சரியாகவில்லை.